நகரசபையின் மூக்காக இருபத்திரண்டு வருஷம்

சென்ற வாரம் பென்ஷன் கையெழுத்துக்காக நகரசபை அலுவலகத்துக்குப் போயிருந்தேன். சானிடரி இன்ஸ்பெக்டர் தினமும் நிரப்ப வேண்டிய படிவத்தைப் புதிதாக அச்சடித்திருந்தார்கள். நல்ல வழுவழுப்பான காகிதம். சாக்கடை, கக்கூஸ், குப்பை வண்டி, வெறிநாய் எல்லாவற்றுக்கும் கட்டம் இருந்தது. 'நாற்றம்' என்ற கட்டத்தை மட்டும் காணோம். குமாஸ்தாவைக் கேட்டேன்.

"அத எடுத்துட்டாங்க சார். ஊர்ல யாரும் நாத்தம் கீதுன்னு சொல்றதில்ல. சும்மா எடத்த அடச்சிக்கினு இருந்திச்சு" என்றார்.

அந்தக் கட்டத்தை இருபத்திரண்டு வருஷம் நிரப்பியவன் நான். அதை எப்படி நிரப்பினேன் என்பதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. கட்டமே போய்விட்ட பிறகு இனி ரகசியம் எதற்கு என்று எழுத உட்கார்ந்துவிட்டேன்.

ஊரின் பெயரைச் சொல்லப் போவதில்லை. வேலூரிலிருந்து ஆம்பூர்ப் பக்கம் ரயிலில் போனவர்களுக்கு அவர்கள் மூக்கே சொல்லியிருக்கும். பாலாற்றங்கரையில் வரிசையாகத் தோல் ஷெட்டுகள். சுண்ணாம்புக் குழியில் தோலை ஊறப்போட்டு, மயிரையும் சவ்வையும் வழித்தெடுத்து, ஆவாரம்பட்டைத் தண்ணீரில் பதப்படுத்தி மெட்ராஸுக்கு அனுப்புவார்கள். அங்கிருந்து அது கப்பலேறும். தோல் சீமைக்குப் போகும், அதன் வாசனை எங்களோடு தங்கிவிடும். இந்த ஏற்பாட்டில் யாருக்கும் குறையில்லை, ஏனென்றால் ஊரில் பாதிப் பேருக்குச் சோறு போட்டது அந்தத் தோல்தான். வெளியூரிலிருந்து மாப்பிள்ளை பார்க்க வந்தவர்கள் மட்டும் காப்பியை ஒரே மடக்கில் குடித்துவிட்டு அவசரமாக எழுந்து போவார்கள். அதற்கு ஜாதகம் சரியில்லை என்று காரணம் சொல்லிக்கொள்வோம்.

நான் மெட்ராஸில் சானிடரி இன்ஸ்பெக்டர் வகுப்பில் படித்துத் தேறியவன். சாக்கடையின் சரிவு எவ்வளவு இருக்க வேண்டும், கிணற்றில் மருந்து எவ்வளவு போட வேண்டும் என்றெல்லாம் சொல்லிக்கொடுத்தார்கள். நாற்றத்தை எப்படி அளப்பது என்று மட்டும் எந்தப் புத்தகத்திலும் இல்லை. வேலையில் சேர்ந்த முதல் நாள் பழைய இன்ஸ்பெக்டர் எழுதி வைத்திருந்த படிவங்களைப் புரட்டினேன். 'இல்லை', 'கொஞ்சம்', 'ஜாஸ்தி' என்று மூன்றில் ஒன்றை எழுத வேண்டும். மனிதர் ஒன்பது வருஷமாக ஒவ்வொரு நாளும் 'கொஞ்சம்' என்றே எழுதியிருந்தார். ஞாயிற்றுக்கிழமைகூட விடவில்லை.

நான் அப்படி இருக்கக்கூடாது என்று தினமும் காலையில் ஷெட்டு ஷெட்டாகப் போய் மோந்து பார்த்து எழுதினேன். முதல் மாதம் சாப்பாடு இறங்கவில்லை. மூன்றாம் மாதம் இறங்கியது. ஆறாம் மாதம் என் மனைவி, "இன்னிக்கி நாத்தம் கம்மிதான் இல்ல?" என்று கேட்டபோது எந்த நாற்றத்தைச் சொல்கிறாள் என்று யோசிக்க வேண்டியிருந்தது.

பெரிய யுத்தம் முடிந்த சமயத்தில் வந்த விஷக்காய்ச்சலில் நானும் விழுந்தேன். ஊரில் தெருவுக்கு நாலைந்து பேர் போய்ச் சேர்ந்தார்கள். கர்த்தர் புண்ணியத்தில் நான் எழுந்துவிட்டேன். எழுந்து வெளியே வந்தால் ஊர் அவ்வளவு சுத்தமாக இருந்தது. காற்றில் ஒன்றுமே இல்லை. காய்ச்சலுக்குப் பயந்து தோல் ஷெட்டையெல்லாம் மூடிவிட்டார்கள் போலிருக்கிறது என்று சந்தோஷப்பட்டேன். மூன்றாம் நாள் மனைவி கொடுத்த காப்பி வெந்நீர் மாதிரி இருந்தது. கருவாட்டுக் குழம்பும் வெந்நீர்தான். ஃபினாயில் டின்னைத் திறந்து முகத்தை உள்ளே விட்டேன். கண்ணில் தண்ணீர் வந்ததே தவிர மூக்கில் ஒன்றும் ஏறவில்லை. அப்போதுதான் விஷயம் விளங்கியது. ஷெட்டெல்லாம் திறந்துதான் இருந்தது. மூடிக்கொண்டது என் மூக்கு.

டாக்டரிடம் போக முடியாது. நகரசபை டாக்டர்தான் எங்கள் ஹெல்த் ஆபீசர். மூக்கில்லாத சானிடரி இன்ஸ்பெக்டரை எந்த நகரசபை வைத்துக்கொள்ளும்? வீட்டில் மூன்று பெண்கள் வளர்ந்துகொண்டிருந்தார்கள். மனைவியிடம்கூடச் சொல்லவில்லை. அவள் சமைத்ததை எல்லாம் பிரமாதம் என்றேன். கல்யாணமாகிப் பத்து வருஷம் கழித்து இந்த மனுஷனுக்குப் புத்தி வந்ததே என்று அவள் பூரித்துப் போனாள்.

படிவத்தை நிரப்புவதற்கு வழி, ரயில் மூலம் வந்தது. ஜோலார்பேட்டையிலிருந்து மெட்ராஸ் போகும் காலை பாசஞ்சர் எங்கள் ஸ்டேஷனில் இரண்டு நிமிஷம் நிற்கும். ஒருநாள் பிளாட்பாரத்தில் எச்சில் துப்புகிறவர்களை எச்சரிக்கை செய்துகொண்டிருந்தேன். வண்டி வந்து நின்றது. ஒரு பெட்டியில் இருந்தவர்கள் எல்லாரும் துண்டை எடுத்து மூக்கில் வைத்துக்கொண்டார்கள். அடுத்த பெட்டியில் ஜன்னல் மரக் கதவைப் படபடவென்று இறக்கினார்கள். பெண்கள் பெட்டியில் கைக்குழந்தைகள் அழுதன. எனக்குக் கண்ணைத் திறந்து விட்டது போல இருந்தது. எங்கள் ஊர்க் காற்றில் பழகாத முந்நூறு மூக்குகள் தினமும் காலையில் வந்து நின்று எனக்காக மோந்து சொல்கின்றன. இந்த வசதி சென்னைப் பட்டணத்து ஆபீசர்களுக்கே கிடையாது.

அன்றிலிருந்து நாள் தவறாமல் பிளாட்பாரத்தின் மேற்கு முனையில் நிற்பேன். யாரும் துண்டை எடுக்காவிட்டால் 'இல்லை'. நாலைந்து பேர் எடுத்தால் 'கொஞ்சம்'. கதவை இறக்கினால் 'ஜாஸ்தி'. காற்று ஆற்றுப் பக்கம் அடிக்கும் நாளில் ஒருவரும் மூக்கைத் தொட மாட்டார்கள். மழைக்கு முன்னால் புழுக்கமாக இருக்கும் நாளில் குழந்தைகள் வண்டி நிற்பதற்கு முன்பே அழத் தொடங்கிவிடும். என் படிவம் காற்றோடு காற்றாக மாறியது. ஜில்லாவிலேயே இவ்வளவு நுட்பமான மூக்கு வேறு யாருக்கும் இல்லை என்று பெயர் வந்துவிட்டது.

ஒரே ஒரு தடவை சறுக்கினேன். பக்ரீத் அன்று ஷெட்டெல்லாம் பூட்டிக் கிடந்தது. அன்றைக்கென்று ஒரு பெட்டி முழுக்கத் துண்டால் மூக்கைப் பொத்தியிருந்தார்கள். நான் 'ஜாஸ்தி' என்று எழுதினேன். அந்தப் பெட்டியில் யாரோ கூடை நிறைய அழுகிய கருவாடு கொண்டுவந்திருந்தார்கள் என்று ஸ்டேஷன் போர்ட்டர் பிறகு சொன்னான். பிடிபட்டேன் என்று நினைத்தேன். ஆனால் ஹெல்த் ஆபீசர் என்னைக் கூப்பிட்டுப் பாராட்டினார். மூடிய ஷெட்டிலும் மிச்சமிருக்கும் நாற்றத்தைக் கண்டுபிடித்த மூக்கு என்று குறிப்பு எழுதினார். அதற்குப் பிறகு நான் எப்போதும் இரண்டு பெட்டிகளைப் பார்த்துத்தான் எழுதுவேன்.

எங்கள் ஹெல்த் ஆபீசர் டாக்டர் நரசிங்க ராவைப் பற்றிச் சொல்ல வேண்டும். வெள்ளை வெளேரென்று சூட்டு, பச்சை மை, கடிகாரம் போல நேரம். யாரையும் கடிந்து பேச மாட்டார். ஒரு கனவான் இன்னொரு கனவானின் இடத்துக்குச் சொல்லாமல் போகக்கூடாது என்பது அவர் கொள்கை. ஆகவே ஷெட்டைச் சோதனை செய்ய ஏழு நாள் முன்னதாகக் கடிதம் போடுவார். கடிதம் போய்ச் சேர்ந்ததா என்று என்னையே அனுப்பிப் பார்க்கவும் சொல்வார். எட்டாம் நாள் ஷெட்டில் சாணி தெளித்துக் கோலம் போட்டிருப்பார்கள். வாசலில் நாற்காலி போட்டிருக்கும். அது எப்போதும் காற்று வரும் பக்கமாகத்தான் இருக்கும், ஏனென்றால் எதிர்ப்பக்கத்தில் உட்கார யாராலும் முடியாது.

அவர் சோதிக்கும் முறை ஒரு பூஜை மாதிரி. கோட்டுப் பையிலிருந்து வெள்ளி டப்பியை எடுப்பார். "கருவியைத் துடைத்துக்கொள்கிறேன், மிஸ்டர் தேவசகாயம்" என்று சொல்லி ஒரு சிட்டிகை பொடியை வலது மூக்கிலும் இன்னொரு சிட்டிகையை இடது மூக்கிலும் ஏற்றுவார். இரண்டு தும்மல் வரும். கைக்குட்டையால் துடைப்பார். பிறகு கண்ணை மூடி, இடது மூக்கால் ஒரு மூச்சு, வலது மூக்கால் ஒரு மூச்சு, இரண்டாலும் சேர்த்து ஒரு மூச்சு. கண்ணைத் திறந்து பச்சை மையில் 'இல்லை' என்று எழுதுவார். பொய் எழுதினார் என்று நான் சொல்ல மாட்டேன். அந்தப் பொடிக்குப் பிறகு ஒரு மனிதனுக்கு என்ன தெரியுமோ அதைத்தான் அவர் எழுதினார்.

இப்படிப் போய்க்கொண்டிருந்த காலத்தில்தான் ஜைனபு பீ வந்தாள்.

முந்தானையைத் தலையில் இழுத்துவிட்டு என் மேஜைக்கு முன்னால் நின்றாள். கையில் ஒரு துணி மூட்டை. ஸ்டேஷனுக்கு மேற்கே சிக்னல் பக்கத்துத் தெருவில் குடியிருக்கிறாள். புருஷன் காதர் பாய் பட்டை இடிக்கும் மில்லில் வேலை செய்தவர். ஆவாரம்பட்டைத் தூள் நெஞ்சில் ஏறி வேலைக்குப் போக முடியாமல் வீட்டில் கிடக்கிறார். அது பழைய கதை. புதிய கதை என்னவென்றால், அவர்கள் வீட்டுக்குப் பின்னால் கவுன்சிலர் சபாபதி வஜ்ஜிரக் கொட்டகை ஒன்று ஆரம்பித்திருந்தார். ஷெட்டுகளில் கழித்துப் போட்ட தோல் துண்டையும் சவ்வையும் கொப்பரையில் காய்ச்சித் தச்சர்கள் ஒட்டுவதற்கான வஜ்ஜிரம் எடுக்கும் தொழில். அடுப்புக்கு விறகு வாங்குவதில்லை. வழித்தெடுத்த மயிரையும் உதவாத தோலையுமே எரித்தார்கள்.

ஜைனபு பீ மூட்டையை அவிழ்த்தாள். உள்ளே ஒரு பழைய புடவை.

"காலீல நனச்சி வாசல்ல தொங்க வுடுவேன் அய்யா. பொக உள்ள வராம இருக்கட்டும்னு. சாயங்காலம் பாத்தா இப்பிடி கீது" என்றாள்.

புடவை கருப்பாக இருந்தது. தொட்டேன், விரல் பிசுபிசுத்தது.

"கொட்டாய இடிக்கச் சொல்லல. ஆத்துக்கு அந்தாண்ட வச்சிக்கினா போதும். ராத்திரியில அவரு படுக்கறதேயில்ல. ஒக்காந்துக்கினே இருக்காரு. படுத்தா மூச்சு நின்னுடும்னு பயப்படறாரு."

படிவத்தை எடுத்துப் பார்த்தேன். கரி என்றோ புகை என்றோ அதில் கட்டம் இல்லை. நாற்றம்தான் இருந்தது.

அவள் வீட்டுக்குப் போனேன். காதர் பாய் சுவரில் சாய்ந்து முழங்காலைக் கட்டிக்கொண்டிருந்தார். நாற்பது வயதிருக்கும், அறுபது போலத் தெரிந்தார். எழுந்து சலாம் சொல்லப் பார்த்தார், இருமல் விடவில்லை. எனக்கு ஒரு நாற்றமும் தெரியவில்லை, ஆனால் உட்கார்ந்த கால் மணி நேரத்தில் கண் எரிந்து நெஞ்சு கமறியது. மறுநாள் காலை சிக்னலுக்குப் பக்கத்தில் போய் நின்று பாசஞ்சரைப் பார்த்தேன். அந்த இடத்தைத் தாண்டும்போது வண்டியில் ஒரு ஜன்னல் பாக்கியில்லாமல் கதவு இறங்கியது. பத்து நாள் பார்த்தேன். பத்து நாளும் அதே கதை. கொட்டகையின் லைசென்ஸைப் புதுப்பிக்கக்கூடாது, ஆற்றுக்கு அப்பால் மாற்ற வேண்டும் என்று என் வேலைக்காலத்திலேயே முதன்முறையாக முழு மனதோடு ஒரு ரிப்போர்ட் எழுதினேன்.

வழக்கம் போல ராவ் ஏழு நாள் முன்னதாகக் கடிதம் போட்டார். எட்டாம் நாள் கொட்டகையில் அடுப்பு அணைந்திருந்தது. சபாபதி நாலு மூலையிலும் சாம்பிராணி போட்டிருந்தார். கருவி துடைக்கப்பட்டது. மூன்று மூச்சு. 'இல்லை.'

ஒரே இடத்துக்கு இரண்டு ரிப்போர்ட் ஆகிவிட்டது. விஷயம் கவுன்சிலுக்குப் போனது.

கவுன்சில் கூடிய அன்று பதினாறு பேர் மேஜையைச் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். சேர்மன் சாயபு பெரிய தோல் ஷெட்டு முதலாளி, நல்ல மனிதர், யாரிடமும் சண்டை வேண்டாம் என்று நினைப்பவர். ஹெல்த் ஆபீசர் அவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். வாசல் ஓரமாக ஜைனபு பீ நின்றாள். சபாபதி எழுந்தார்.

"ரெண்டு மூக்கு ரெண்டு விதமா சொல்லுது. எது சரியான மூக்குன்னு இந்த சபைக்குத் தெரிய வேணாமா? ஆபீசரு பெரிய படிப்பு படிச்சவரு, அவர் மூக்க நாம சந்தேகப்படறது மரியாதையில்ல. இன்ஸ்பெக்டர் மூக்கப் பாத்துட்டா போதும்."

எல்லாருக்கும் அது நியாயமாகப் பட்டது. சபாபதி மூன்று புட்டிகளைக் காகிதம் சுற்றிக் கொண்டுவந்திருந்தார்.

அப்போதே நான் உண்மையைச் சொல்லியிருக்கலாம். ஐயா, எனக்கு மூக்கு போய் ஐந்து வருஷம் ஆகிறது, என் ரிப்போர்ட்டுக்குச் சாட்சி நான் இல்லை, தினம் அந்த வழியாகப் போகும் முந்நூறு பிரயாணிகள், வேண்டுமானால் நாளைக் காலை எல்லாரும் சிக்னலுக்கு வந்து பாருங்கள் என்று சொல்லியிருக்கலாம். அதைவிடப் பலமான சாட்சி எந்தக் கோர்ட்டிலும் கிடைக்காது. ஆனால் சொன்ன மறு நிமிஷம் வேலை போய்விடும். ரயில் ஜன்னலைப் பார்த்துச் சமாளித்தவனுக்கு இந்தப் பதினாறு முகங்களைப் பார்த்துச் சமாளிக்க முடியாதா என்று ஒரு திமிர் வந்தது. அந்தத் திமிரை இன்றைக்கும் நான் மன்னிக்கவில்லை.

பியூன் முதல் புட்டியைத் திறந்து என் முகத்தருகே நீட்டினான். நான் கண்ணைப் பாதி மூடி, மற்றவர்களைப் பார்த்தேன். சேர்மன் சாயபுவின் முகம் மலர்ந்தது. இரண்டு மெம்பர்கள் நெஞ்சு நிறைய மூச்சு இழுத்தார்கள்.

"அத்தர்" என்றேன். மேஜையில் தட்டினார்கள்.

இரண்டாவது புட்டியைத் திறந்ததும் பியூன் தலையைத் திருப்பித் தும்மினான். ஹெல்த் ஆபீசர் கொஞ்சம் முன்னால் சாய்ந்து ஆவலோடு பார்த்தார். அவர் கை தானாகவே கோட்டுப் பைக்குப் போனது.

"மூக்குப்பொடி" என்றேன். மறுபடியும் தட்டினார்கள். சபாபதியின் முகம் சுருங்கியது. எனக்குத் தலைகால் புரியவில்லை.

மூன்றாவது புட்டி. மூடியைத் திறந்தான். நான் முகங்களைப் பார்த்தேன். சேர்மன் சாயபு மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். ஒருவர் வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவிக்கொண்டிருந்தார். ஒருவர் கொட்டாவி விட்டார். பியூன் சும்மா நின்றான். வாசலைப் பார்த்தேன். ஜைனபு பீயின் முகத்திலும் அசைவில்லை, என்னையே நம்பிக்கையோடு பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இது தண்ணீர்" என்றேன்.

"நல்லா மோந்து சொல்லுங்க இன்ஸ்பெக்டரே."

"தண்ணீர்தான்."

சபாபதி புட்டியை வாங்கி ஒரு பீங்கான் தட்டில் கவிழ்த்தார். வெள்ளையாகக் கொழகொழவென்று விழுந்தது. மயிரும் சவ்வும் மிதந்தன.

"சுண்ணாம்புக் குழித் தண்ணி. ஏழு நாள் ஊறினது" என்றார்.

சபை சிரித்தது. நானும் அசடு வழிய நின்றேன். வெளியூரான் ஒருவன் அந்த அறையில் இருந்திருந்தால் ஜன்னல் வழியாகக் குதித்திருப்பான். பதினாறு மெம்பர்களில் ஒருவர்கூட மூக்கைத் தொடவில்லை என்பதை யாரும் நடவடிக்கைக் குறிப்பில் எழுதவில்லை. அந்த ஊரில் பிறந்து அந்தக் காற்றையே குடித்து வளர்ந்தவர்களுக்கு அது தண்ணீர்தான். ரயில் பிரயாணிகளைப் படித்தே பழகிய நான், உள்ளூர் முகத்தை வெளியூர் முகம் என்று நினைத்துப் படித்துவிட்டேன். அப்போதாவது எழுந்து, நீங்கள் யாருமே மோந்து பார்க்கவில்லையே என்று கேட்டிருக்கலாம். கேட்கவில்லை.

என் ரிப்போர்ட் தள்ளப்பட்டது. கொட்டகைக்கு லைசென்ஸ் புதுப்பிக்கப்பட்டது. அடுத்தது என் வேலைதான் என்று கைகட்டிக் காத்திருந்தேன். எனக்காக எழுந்து பேசியவர் சபாபதி.

"இவர அனுப்பிட்டா மெட்ராஸ்லேர்ந்து புது மூக்கு ஒண்ணு வரும். அது இன்னா இன்னாத்த மோந்து எழுதுமோ. நம்ம ஊருக்குத் தோதான மூக்கு இதுதான். இவரையே தலைமை இன்ஸ்பெக்டரா போட்டுடலாம்."

சேர்மன் சாயபு என் தோளைத் தட்டினார். "ஒண்ணும் பேஜாராவாதீங்க தேவசகாயம். மூக்கு இல்லாட்டி இன்னா, கையெழுத்து அழகா கீதே" என்றார். உண்மையான அன்போடுதான் சொன்னார். தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது. வாசலைப் பார்த்தேன், ஜைனபு பீ போய்விட்டிருந்தாள்.

மார்கழியில் எங்கள் ஊரில் பனி இறங்கினால் புகை மேலே போகாது. தெருவிலேயே படுத்துக்கொள்ளும். ஒரு சாயங்காலம் மனசு கேட்காமல் காதர் பாயைப் பார்க்கப் போனேன். பேச முடியவில்லை அவரால். கையைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். மறுநாள் விடியற்காலையில் போய்விட்டார். ஜைனபு பீயின் அண்ணன் அலுவலகத்துக்கு வந்து சாவைப் பதிவு செய்தார்.

பிறப்பு இறப்பு ரிஜிஸ்தரும் என் பொறுப்பில்தான் இருந்தது. மரணத்துக்குக் காரணம் எழுத ஒரு கட்டம் உண்டு. ஹெல்த் ஆபீசரைக் கேட்டேன். "மூச்சுக் கோளாறு என்று எழுதினால் மேலேயிருந்து கேள்வி வரும், மிஸ்டர் தேவசகாயம். காய்ச்சல் என்று எழுதிவிடுங்கள். காய்ச்சலைப் பற்றி யாரும் கேட்பதில்லை" என்றார். எழுதினேன். தலைமை இன்ஸ்பெக்டர் உத்தரவு இன்னும் கைக்கு வரவில்லை.

துக்கம் காக்கும் நாலு மாதம் பத்து நாளும் முடிந்த பிறகு ஜைனபு பீ அலுவலகத்துக்கு வந்தாள். இளைத்திருந்தாள். புருஷன் செத்ததைப் பற்றி நான் என்ன எழுதியிருக்கிறேன் என்று தெரிய வேண்டும் என்றாள்.

"எங்க தெருவுல இன்னும் ரெண்டு பேருக்கு இப்பிடித்தான் மூச்சு வாங்குது அய்யா. ஒருத்தி மூணு கொழந்தைக்காரி. கவர்மெண்டு புஸ்தகத்துல பொகையால செத்தாருன்னு எழுதியிருந்தா, அத வச்சி கலெக்டர் கச்சேரிக்கி மனு போடலாம்னு சொன்னாங்க."

ரிஜிஸ்தரைத் திறந்தேன். படிக்காமல் இருக்க முடியவில்லை. படித்துக் காட்டினேன்.

"காய்ச்சலா?" என்றாள். கோபமாகக்கூடக் கேட்கவில்லை. "அவருக்குக் காய்ச்சலே வரலியே அய்யா. ஒடம்பு ஜில்லுனு இருந்திச்சு. நீங்கதான வந்து கையப் புடிச்சிப் பாத்தீங்க."

பதிவில் பிழை இருந்தால் அடித்துத் திருத்தி, ஓரத்தில் கையெழுத்துப் போடத் தலைமை இன்ஸ்பெக்டருக்கு அதிகாரம் உண்டு. உத்தரவு வந்து இரண்டு மாதம் ஆகியிருந்தது. பேனா என் கையில்தான் இருந்தது.

"அப்படித்தாம்மா எழுதுறது வழக்கம்" என்று சொல்லி ரிஜிஸ்தரை மூடினேன்.

அதற்கும் அவள் ஒரு சலாம் வைத்துவிட்டுத்தான் போனாள்.